காற்றுக்கு வழிவிட்ட வீடுகள்: பேராக்கின் நடு நூற்றாண்டு இல்லங்களை அறிதலும் பழுதுபார்த்தலும்

நடு நூற்றாண்டு நவீனம் என்று இன்று அழைக்கப்படும் வீட்டமைப்பு, இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945 முதல் ஏறக்குறைய 1970 வரையிலான கால் நூற்றாண்டில் உலகின் பல பகுதிகளில் பரவியது. தூண்களிலும் வளைவுகளிலும் பூவேலைகளை ஏற்றும் பழக்கத்தைக் கைவிட்டு, நேர்கோடுகளையும் சாய்வு குறைந்த கூரையையும் அகன்ற ஜன்னல்களையும், முற்றமும் கூடமும் ஒன்றோடொன்று கலக்கும் திறந்த அமைப்பையும் அது தன் அடையாளமாகக் கொண்டது. இப்பெயரைக் கேட்டவுடன் பலர் நினைவில் எழுபவை, கலிபோர்னியாவில் ஓர் இதழின் முயற்சியால் 1945இல் தொடங்கி 1966 வரை உருவான மாதிரி வீடுகளின் ஒளிப்படங்களே. மலேசியாவின் பேராக் மாநிலத்து ஈப்போவில் பழைய வீடொன்றை வாங்கியவரோ பெற்றோர் வழியில் பெற்றவரோ அந்தப் படங்களை மேசைமீது விரித்து வைத்துக்கொண்டு சீரமைப்பைத் தொடங்கினால், பெரும்பாலும் நல்ல வீட்டைக் கெடுத்துவிடுகிறார். கலிபோர்னிய வீடு வறண்ட காற்றுக்கும் குறைந்த மழைக்கும் உரியது. பேராக்கின் வீடோ ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழையையும், இரவிலும் தணியாத ஈரப்புழுக்கத்தையும், தலைக்கு நேர்மேலே நிற்கும் வெயிலையும் எதிர்கொண்டு உருவானது.

ஆகவே இந்த அத்தியாயம் தோற்றத்தைவிடச் செயலையே முதன்மையாகக் கொள்கிறது. ஈப்போவின் போருக்குப் பிந்தைய தாமான்களில், அதாவது குடியிருப்பு மனைத்தொகுதிகளில், உள்ள பங்களாக்களும் வரிசை வீடுகளும் ஒருபுறம். சுங்கை சிப்புட், பத்து காஜா, செம்மோர் பக்கங்களில் எஞ்சியிருக்கும் முன்னாள் ரப்பர்த் தோட்டங்களின் கிராணி (தோட்ட எழுத்தர்) வீடுகளும் தொழிலாளர் வீடுகளும் மறுபுறம். கட்டடக்கலை நூல்கள் முதல் வகையை மட்டுமே நவீனம் எனப் பேசுவது வழக்கம். இரண்டாவது வகையும் அதே காலத்தில், அதே கல்நார்த் தகட்டாலும் அதே சிமெண்டாலும், அதே சிக்கனத்தோடு எழுந்தது என்பதால், அதை அக்குடும்பத்திலிருந்து விலக்கி வைப்பதற்கு வர்க்கத்தைத் தவிர வேறு காரணம் தென்படவில்லை.

வெயிலின் கணக்கு

எந்தச் சுவரையும் தொடுவதற்கு முன் வீடு எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். ஈப்போ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 4.6 பாகையில் உள்ளது. அதனால் சூரியன் ஆண்டில் இரண்டு முறை, அதாவது ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும், நகரின் உச்சிக்கு நேராக வருகிறது. இவ்விரண்டு நாள்களுக்கும் இடைப்பட்ட ஐந்து மாத காலம் நண்பகல் வெயில் வடபுறத்திலிருந்தும், எஞ்சிய ஏழு மாதங்களில் தென்புறத்திலிருந்தும் விழுகிறது. ஜூன் மாதக் கடைசியில் சூரியன் உச்சியிலிருந்து ஏறக்குறைய 19 பாகை வடக்கே சாய்ந்திருக்கும். டிசம்பர் கடைசியிலோ 28 பாகை தெற்கே சாய்ந்திருக்கும்.

இந்த எண்களிலிருந்து இறவாரத்தின், அதாவது சுவரைத் தாண்டி வெளியே நீளும் கூரைப் பகுதியின், அளவைக் கணக்கிடலாம். இறவாரத்தின் விளிம்பிலிருந்து ஜன்னலின் அடிக்கட்டை வரை செங்குத்தாக 7 அடி இருக்குமாயின், தென்புறத்தில் நண்பகல் வெயில் ஜன்னலுக்குள் புகாதிருக்க இறவாரம் ஏறக்குறைய 3 அடி 9 அங்குலம் நீண்டிருக்க வேண்டும். வடபுறத்தில் 2 அடி 5 அங்குலமே போதுமானது. 1950களின் வீடுகளில் இறவாரம் நான்கு அடி வரை நீள்வதைக் கண்டு அது வெறும் ஆடம்பரம் என்று கருதி, கூரை மாற்றும்போது பலகையும் ஓடும் மிச்சமாகட்டும் என்று ஓரடி குறைக்கச் சொல்லும் குத்தகையாளர்கள் உண்டு. அந்த ஓரடியின் விலையைப் பிறகு மின்கட்டணமாக மாதந்தோறும் செலுத்த நேரிடும்.

கிழக்கு, மேற்குச் சுவர்களுக்கு இந்தக் கணக்கு பயன்படாது. காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்து நிற்பதால் எவ்வளவு நீண்ட இறவாரமும் அதைத் தடுக்க இயலாது; செங்குத்தான தடுப்புகளே உதவும். சுவரிலிருந்து மீன் துடுப்பைப் போல் வெளியே நீட்டிய கான்கிரீட் பலகைகளும், துளையிட்ட காற்றுக்கல் சுவர்களும், மரச் சட்டங்களும் அக்கால வீடுகளின் மேற்குப் பக்கத்தில் காணப்படுவதற்குக் காரணம் இதுவே. அவற்றை அலங்காரம் என நினைத்து இடித்துவிட்டு, அந்த இடத்தில் கண்ணாடி பதித்தவர்கள் பின்னர் திரைச்சீலை வாங்க அலைவதைக் காணலாம்.

இங்கே கடிகாரத்தைப் பற்றிய ஒரு சிறு குறிப்பும் தேவைப்படுகிறது. தீபகற்ப மலேசியாவின் நேரம் 1982ஆம் ஆண்டு தொடக்கத்தில் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. ஆகவே ஈப்போவில் சூரியன் உச்சத்தை அடையும் பொழுது இன்று ஏறத்தாழப் பிற்பகல் 1.15; வீடு கட்டப்பட்ட காலத்தில் அது 12.45. வீட்டில் வளர்ந்த முதியவர் மூன்று மணிக்கெல்லாம் கூடத்தில் வெயில் ஏறிவிடும் என்று நினைவுகூர்ந்தால், அது இன்றைய மூன்றரை என்று கொண்டு சோதித்துப் பார்க்க வேண்டும்.

காற்றின் பாதை

ஈரப்பதம் மிகுந்த இடத்தில் உடலைக் குளிர்விப்பது நிழல் மட்டுமன்று. தோலின்மீது நகரும் காற்றும் ஆகும். ஒரு பக்கத்தில் புகுந்த காற்று எதிர்ப்பக்கத்தில் வெளியேற வழி இருந்தால்தான் அது நகரும் என்பதும், சூடான காற்று மேலே எழுவதால் அதற்குக் கூரையருகே ஒரு வாயில் வேண்டும் என்பதும் மலாய்க் கம்பத்து வீடுகளைக் கட்டிய தச்சர்கள் காலங்காலமாக அறிந்தவை. மரக்கால்களின்மீது உயர்த்திய தளம், இடைவெளிவிட்ட பலகை, அத்தாப்புக் கூரை ஆகியவற்றால் அவர்கள் சாதித்ததையே நவீன வீடு கான்கிரீட்டிலும் கண்ணாடியிலும் செய்ய முயன்றது. மேக்ஸ்வெல் ஃபிரையும் ஜேன் டுருவும் 1956இல் ஈர வெப்பமண்டலக் கட்டடக்கலை குறித்து எழுதிய நூல் இத்தகைய அறிவை அளவுகளும் வரைபடங்களும் கொண்ட பாடமாக்கியது.

தமிழ் வாசகர்களுக்கு இன்னும் அருகில் உள்ள முன்மாதிரி புதுச்சேரியில் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் தங்குவிடுதியாக 1937இல் கட்டத் தொடங்கப்பட்ட கோல்கொண்டா என்னும் கட்டடத்தில், ஆன்டோனின் ரேமண்டும் அவருடன் பணியாற்றிய ஜார்ஜ் நகஷிமாவும் வடக்கு, தெற்கு முகப்புகள் முழுவதையும் திருப்பக்கூடிய கிடைத் தகடுகளால் அமைத்தனர். வெயில் சாயும்போதும் மழை சாரலாக அடிக்கும்போதும் உள்ளே இருப்பவர் தகடுகளைத் தம் கையாலேயே சாய்த்துக்கொள்ளலாம். மலேசியாவில் நாக்கோ ஜன்னல் என்று வணிகப் பெயராலேயே வழங்கும் அடுக்குக் கண்ணாடி ஜன்னல், அதே எண்ணத்தின் எளிய வீட்டு வடிவம்.

நாக்கோ ஜன்னல் இன்று ஏழைமையின் அடையாளமாகக் கருதப்பட்டு முதலில் கழற்றப்படுவது வருந்தத்தக்கது. அதன் இடத்தில் பொருத்தப்படும் நழுவு கண்ணாடி ஜன்னல் எப்போதும் பாதியளவே திறக்கும். நாக்கோவோ ஏறத்தாழ முழு அளவும் திறக்கும், தூறலின்போதும் சற்றுச் சாய்த்துத் திறந்தே வைக்கலாம். அதன் குறைகள் பெரும்பாலும் சிறியவை. கண்ணாடியைப் பற்றும் அலுமினியக் கவ்விகள் அரித்துப்போயிருந்தால் கவ்விகளை மட்டும் மாற்றினால் போதும். தெருவிலிருந்து உள்ளே பார்வை படுவது சங்கடமானால் கீழ் நான்கைந்து கண்ணாடிகளுக்குப் பதிலாக மரத்தகடுகளைச் செருகலாம். கண்ணாடிகளை உருவியெடுத்துத் திருடர் நுழையலாம் என்ற அச்சம் நியாயமானதே என்பதால் உட்புறத்தில் இரும்புக் கம்பி அவசியம். கொசுவலையை ஜன்னலில் அடிப்பது காற்றின் வேகத்தைக் கணிசமாகக் குறைக்கும். படுக்கையைச் சுற்றி வலை கட்டும் பழைய வழக்கம் இந்த வகையில் அறிவுடையது.

காற்றுக்கல் என்பது நடுவே துளையோ பூவடிவமோ கொண்ட சிமெண்டுக் கட்டி. தமிழ்நாட்டில் ஜாலி என்று வழங்குவதும் இதுவே. படிக்கட்டு, குளியலறை, சமையற்கட்டு ஆகிய இடங்களில் இது அடுக்கப்பட்டிருக்கும். பறவைகளும் எலிகளும் நுழைவதாகக் கூறித் துளைகளைப் பூசி அடைப்பவர்கள் அதே வீட்டில் ஆறு மாதத்துக்குள் சுவரில் கரும்பூஞ்சை படர்வதைக் காண்பார்கள். துளைகளின் உட்புறத்தில் துருப்பிடிக்காத கம்பிவலையைக் கட்டுவதே தீர்வு. அறைக்கதவுகளின் மேலுள்ள துவாரப் பலகைகளுக்கும், இறவாரத்தின் அடியில் விட்டிருக்கும் பிளவுகளுக்கும் இதே விதி பொருந்தும்.

குளிர்சாதனம் வேண்டவே வேண்டாம் என்று கூறுவது இக்காலத்தில் நடைமுறைக்கு ஒவ்வாது. ஒரு படுக்கையறையை மட்டும் தேர்ந்து, அதன் துவாரங்களைக் கழற்றக்கூடிய பலகைகளால் மூடி, அங்கே இயந்திரத்தைப் பொருத்திவிட்டு மற்ற அறைகளைக் காற்றுக்கு விடுவது நல்லது. முழு வீட்டையும் அடைக்க முற்பட்டால், அடைப்பதற்காக வடிவமைக்கப்படாத அந்த வீடு குளிரையும் காக்காது, காற்றையும் தராது.

ஈப்போவின் தாமான்கள்

நவீனம் ஈப்போவுக்குக் கோலாலம்பூர் வழியாக வந்ததாகக் கருதுவது பிழை. ஓரளவு அது எதிர்த்திசையிலேயே பயணப்பட்டது. 1928இல் மலாயா வந்த டென்மார்க் நாட்டுக் கட்டடக் கலைஞர் பி. எம். ஐவர்சன் 1930களில் ஈப்போவில் தம் அலுவலகத்தை அமைத்து, திரையரங்குகளையும் வணிகக் கட்டடங்களையும் வீடுகளையும் வடிவமைத்தார். தலைநகரில் 1954இல் எழுந்த ஃபெடரல் ஹவுஸ் அவர் வடிவமைத்ததே. ஈயச் சுரங்கங்களால் கிந்தாப் பள்ளத்தாக்கில் குவிந்த செல்வம், புதிய பாணியை விரும்பி ஏற்கும் வாடிக்கையாளர்களை அவருக்கு அளித்தது.

செல்வர்களின் பங்களாக்களிலிருந்து இப்பாணி நடுத்தரக் குடும்பங்களுக்கு இறங்கி வந்தது, போருக்குப் பின் தோன்றிய ஃபேர் பார்க், கேனிங் கார்டன், ஈப்போ கார்டன் போன்ற குடியிருப்புகளின் வழியாக. அங்கு வரிசை வீட்டின் முன்புறம் கார் நிற்கும் கொட்டகை, தாழ்ந்த மதில், மதிலில் சில காற்றுக்கற்கள், கூடத்தில் சமையற்கட்டு வரை செல்லும் நேர்ப்பார்வை, நடுவில் வானம் தெரியும் சிறு முற்றம் என்ற அமைப்பு மீண்டும் மீண்டும் காணப்படும். ஆசிரியர்கள், ரயில்வே ஊழியர்கள், எழுத்தர்கள் எனத் தமிழ்க் குடும்பங்கள் பலவும் புந்தோங், சிலிபின் பகுதிகளின் கம்பத்து வீடுகளிலிருந்தும் அரசுக் குடியிருப்புகளிலிருந்தும் இத்தகைய தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன.

இந்த வீடுகளுக்கு நேரும் பெருந்தீங்கு நடுமுற்றத்தை மூடுவது. சிறிதளவு கூடுதல் இடத்துக்காக முற்றத்தின்மேல் கண்ணாடியிழைத் தகடு போடப்படும்போது, நீண்டு ஒடுங்கிய வரிசை வீட்டின் நடுப்பகுதிக்கு ஒளியும் காற்றும் வரும் ஒரே வழி அடைபடுகிறது. ஏற்கெனவே மூடப்பட்ட வீட்டை வாங்கியவர், தன் முதல் செலவை அந்தத் தகட்டை அகற்றுவதில் செய்யலாம். அல்லது தகட்டை இரண்டு அடி உயர்த்தி நான்கு பக்கமும் திறந்துவிடலாம்.

தோட்டத்து வீடுகள்

கோல கங்சாரில் 1870களில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றும் முதுமரமாக நிற்கிறது; அந்த மரத்தின் இனம் பேராக்கின் நிலத்தை மூடிய பிறகு, அதில் பால் வெட்ட வந்தவர்களுக்கென எழுந்தவையே லயங்கள். லயம் என்பது ஒரே கூரையின்கீழ் பத்தோ அதற்கு மேலோ அறைகளைச் சேர்த்துக் கட்டிய நீண்ட கட்டடம். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறையும் அதன் முன்னே அஞ்சடியும் கிடைத்தன. அஞ்சடி என்ற சொல், சிங்கப்பூரில் 1822இல் ராஃபிள்ஸ் விதித்த ஐந்தடி நடைபாதை ஒழுங்கிலிருந்து கடைவீடுகளுக்குப் பரவி, பின்னர் தோட்டத்துத் திண்ணைக்கும் பெயராயிற்று. சமையலும் விருந்தும் சண்டையும் சமாதானமும் நிகழ்ந்த இடம் அதுவே.

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அதன் தடயம் தோட்டக் கட்டடங்களின் அமைப்பில் இன்றும் தெரிகிறது. சிதறிக் கிடந்த லயங்கள் கலைக்கப்பட்டு, முள்வேலிக்குள் நெருக்கமாக, சாலைக்கு அருகில் புதிய குடியிருப்புகள் அமைக்கப்பட்டன. அவ்வாறு எழுந்தவற்றுள் பல, நீண்ட லயங்களாக அல்லாமல் இரண்டிரண்டாகவோ நான்கு நான்காகவோ சேர்த்த சிறு வீடுகள். இடுப்பளவு செங்கல் சுவர், அதன்மேல் பலகை, நெளிவுத் தகட்டுக் கூரை, சுவருக்கும் கூரைக்கும் இடையே ஒரு சாண் காற்றுவழி, பின்புறம் தனியே சமையற்கட்டு. காவல்துறையின் வசதிக்காகத் தோன்றிய ஓர் அமைப்பு, குடும்பத்துக்குச் சற்றே மேம்பட்ட தனிமையையும் அளித்தது என்பது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. தொழிலாளர் வீடுகளுக்கான குறைந்தபட்சத் தரங்களை வரையறுக்கும் தனிச் சட்டம் 1966இல் வந்தது. 1990இல் வேறொரு சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது.

தோட்டத்தின் படிநிலை அதன் கட்டடங்களில் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருந்தது. மேட்டில் துரை பங்களா, அதற்குக் கீழே கிராணி வீடு, அதற்கும் கீழே காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களமும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையும் கோயிலும் லயங்களும் என்ற வரிசையில், உயரம் குறையக் குறைய இறவாரத்தின் நீளமும் குறையும். சுற்றுலாப் பயணிகள் திரளும் பத்து காஜாவின் கெல்லி மாளிகை, உரிமையாளர் 1926இல் இறந்ததால் முடிவுறாமல் நின்றுபோன ஒரு கனவு. நடு நூற்றாண்டு நவீனத்தோடு அதற்கு உறவில்லை. அதே வட்டாரத்தில் பல குடும்பங்கள் பிறந்து வாழ்ந்த தொழிலாளர் வீடுகள் ஒரு படம்கூட எடுக்கப்படாமல் செம்பனைக்கும் புதிய தாமான்களுக்கும் இடம் கொடுத்து மறைகின்றன.

தோட்டத்து வீட்டைப் பழுதுபார்க்க எண்ணுபவர் சுத்தியலை எடுப்பதற்கு முன் நில அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். நிலம் தோட்ட நிறுவனத்தின் பெயரில் இருந்து, வீட்டில் குடியிருக்கும் உரிமை வேலையோடு மட்டும் இணைந்திருந்த நிலையே பெரும்பான்மை. அங்கே ஒருவர் செய்யும் செலவு அவருக்கு எந்த உரிமையையும் தானாக அளிப்பதில்லை. 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, தொழிலாளர்களின் சிறுசேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கும் நோக்குடன் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது இந்த நிலையின் காரணமாகவே. நிலப்பட்டா, அதாவது மக்கள் கிராண்ட் என்று சொல்லும் ஆவணம், எவர் பெயரில் உள்ளது என்பது தெளிவானால்தான் மற்றவை பயன்படும்.

உரிமை உறுதியானால், தோட்டத்து வீட்டின் சீரமைப்பு பங்களாவைவிட எளிது. மரக்கம்பங்களின் அடிப்பகுதி மண்ணைத் தொடுமாயின் கரையான் ஏறியிருக்கும். கம்பத்தைத் தாங்கி நிறுத்தி, அழுகிய ஓரிரு அடியை வெட்டி நீக்கி, கான்கிரீட் பீடத்தின்மேல் உலோகத் தகட்டுடன் மீண்டும் அமர்த்த வேண்டும். உள்ளூர் வழக்கில் லோங்காங் எனப்படும் திறந்த வடிகாலை, மண் மூடிப் புல் முளைத்திருந்தாலும், தோண்டி மீட்க வேண்டும். வீட்டைச் சுற்றியுள்ள ஈரத்தையும் கொசுவையும் ஒருசேரக் குறைப்பது அதுவே. தகரக் கூரையின்கீழ் வெப்பம் தாங்க முடியாததாக இருப்பின், கூரைக்கு வெளிர்நிறப் பூச்சும் அதன் அடியில் பளபளப்பான எதிரொளிப்புத் தாளும் குறைந்த செலவில் பெரும் மாற்றத்தைத் தரும். சுவருக்கும் கூரைக்கும் இடையிலுள்ள காற்றுவழியைப் பலகையடித்து மூடக் கூடாது.

பொருள்களும் அவற்றின் நோய்களும்

முதலில் கல்நார். சிமெண்டோடு கல்நார் இழைகளைக் கலந்து செய்த நெளிவுத் தகடுகளும் தட்டைப் பலகைகளும் அக்கால வீடுகளின் கூரையிலும் உட்கூரையிலும் பரவலாக உள்ளன. முழுதாக, பூச்சோடு இருக்கும்வரை அவை பெரும்பாலும் தீங்கிழைப்பதில்லை. அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடைக்கும்போதும் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கும்போதும் கிளம்பும் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் பல்லாண்டுகளுக்குப் பின் புற்றுநோயை விளைவிக்கக்கூடியவை. ஆகவே 1980களுக்கு முற்பட்ட எந்தத் தகட்டையும் சோதனை முடிவு வரும்வரை கல்நார் என்றே கொள்ள வேண்டும். அகற்றுவதாயின் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு, நனைத்து, உடைக்காமல், முழுத் தகடாக இறக்க வேண்டும். உயர்வழுத்த நீரால் கூரையைக் கழுவும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். அது இழைகளை அண்டை வீட்டு முற்றம் வரை தெளிக்கும்.

அடுத்து, இந்த வீடுகளின் பெருஞ்செல்வமான டெராசோ தளம். சலவைக்கல் சில்லுகளைச் சிமெண்டில் குழைத்துப் பரப்பி, பித்தளைப் பட்டைகளால் கட்டம் பிரித்து, இறுகிய பின் கல் கொண்டு தேய்த்து மெருகேற்றுவது இதன் முறை. சுண்ணாம்புக்கல் மலைகள் சூழ்ந்த ஈப்போவில், தாசேக் பகுதியில் 1960களில் சிமெண்டு ஆலை தொடங்கி இன்றும் அங்கே போர்ட்லண்ட் என்ற சிமெண்டு வகையின் பெயரிலேயே ஒரு சாலை இருக்கும் ஊரில், இத்தளம் பரவியது இயல்பே. சலவைக்கல் அமிலத்தில் கரையும். எலுமிச்சைச் சாறு, வினிகர், கழிவறைத் திரவம் ஆகிய எதுவும் இதன்மேல் படக் கூடாது. மிதமான சவர்க்காரமும் நீருமே போதும். ஒளியிழந்த தளத்தை வைர வட்டுகளால் மீண்டும் தேய்த்து மெருகேற்றும் தொழிலாளர்கள் இன்றும் கிடைக்கிறார்கள். அதன்மேல் புதிய ஓடு பதிப்பதற்கு ஆகும் செலவை விசாரித்த பிறகு, தேய்ப்பதற்கு ஆகும் செலவையும் விசாரித்துப் பார்ப்பது பலரது முடிவை மாற்றியிருக்கும்.

வெளிச்சுவர்களில் கரடுமுரடான சாம்பல் நிறப் பூச்சு காணப்பட்டால் அது ஷாங்காய்ப் பூச்சாக இருக்கலாம். கல்சில்லு கலந்த சிமெண்டைப் பூசி, இறுகுமுன் தூரிகையாலும் நீராலும் மேற்சிமெண்டைக் கழுவிச் சில்லுகளை வெளிக்காட்டும் நுட்பம் இது. இதற்கு வண்ணம் தேவையில்லை. அடித்துவிட்ட வண்ணத்தை நீக்க மணல் வீச்சைப் பயன்படுத்தினால் சில்லுகளும் சேர்ந்து உதிரும்.

மெல்லிய கான்கிரீட் வெயில்மறைப்புகள் அக்காலத்தின் அழகும் பலவீனமும் ஆகும். கம்பிக்கு மேல் கான்கிரீட் ஒரு விரலளவே இருப்பதால் ஈரம் உட்புகுந்து கம்பி துருப்பிடிக்கிறது. துரு பருத்துக் கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கிறது. பழுப்புக் கறையும் அதன் வழியே ஓடும் வெடிப்பும் இதன் முதல் அறிகுறிகள். விழுந்த இடத்தில் சிமெண்டைப் பூசி மறைத்தால் அடுத்த மழைக்காலத்தில் பூச்சும் விழும். தளர்ந்த கான்கிரீட்டை முழுவதும் கொத்தி, கம்பியைப் பின்புறம் வரை வெளிப்படுத்தி, துரு நீங்கத் தேய்த்து, துருத்தடுப்புப் பூசி, பழுதுபார்ப்புக்கென உள்ள பாலிமர்ச் சாந்தால் நிரப்ப வேண்டும். மறைப்பின் மேற்பரப்பில் நீர் தேங்காத சாய்வு இருக்கிறதா என்றும், வடிகுழாயை இலைகள் அடைத்திருக்கின்றனவா என்றும் அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

மின்கம்பிகளில் ஒரு சோகமான பொருத்தம் உண்டு. பிளாஸ்டிக் உறை பரவும்வரை வீட்டுக் கம்பிகளுக்கு ரப்பர் உறையே பயன்பட்டது. அறுபது, எழுபது ஆண்டுகளில் அந்த ரப்பர் வறண்டு நொறுங்குகிறது. அத்தகைய கம்பி எங்கேனும் எஞ்சியிருந்தால் பகுதியளவு மாற்றாமல், தகுதி பெற்ற மின்பணியாளரைக் கொண்டு முழு வீட்டுக்கும் புதிய இணைப்பும் மின்கசிவுத் துண்டிப்பானும் அமைக்க வேண்டும். பழைய கருநிற உருண்டை சுவிட்சுகளின் அழகை விட மனமில்லாதவர், அவற்றை இணைப்பின்றிச் சுவரில் காட்சிப் பொருளாக வைத்துக்கொள்ளலாம்.

மண்ணைப் பற்றி ஒரு சொல். கிந்தாப் பள்ளத்தாக்கின் பல மனைகள் ஈயம் தோண்டிய பின் மணலும் சேறும் கொட்டி நிரப்பிய நிலங்கள். அடியிலுள்ள சுண்ணாம்புப் பாறையிலோ குகைகளும் பள்ளங்களும் உண்டு. சுவர் வெடிப்பைக் கண்டவுடன் பூசுவதற்குப் பதிலாக, வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி, குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்தால் ஒட்டி வைக்க வேண்டும். ஓராண்டு கழித்தும் கண்ணாடி உடையாமல் கோடும் நீளாமல் இருந்தால் அது பழைய வெடிப்பு. உடைந்தால் பொறியாளரை அழைக்கும் நேரம் வந்துவிட்டது.

அறைகலன்கள் பற்றி மிகுதியாகப் பேச வேண்டியதில்லை. சரிந்த கால்களுடன் கூடிய தேக்கு நாற்காலிகளும், பிரம்பு இருக்கைகளும், பார்மைக்கா மேசைகளும் அக்கால வீடுகளுக்குரியவை. ரப்பர் மரத்தில் செய்த 1950களின் நாற்காலி என்று எவரேனும் விற்க வந்தால் ஐயுற வேண்டும். பூஞ்சையும் துளைப்புழுவும் எளிதில் தாக்கும் அந்த மரம், இரசாயனப் பதப்படுத்தல் பரவிய பிறகே, ஏறக்குறைய 1980 முதல், அறைகலன் தொழிலில் பெருமளவு நுழைந்தது. அதற்கு முன் பால் வற்றிய மரத்தின் பயன் பெரும்பாலும் விறகே.

அனுமதியும் ஆவணமும்

கூரையின் வடிவத்தையோ தாங்கு சுவரையோ மாற்றும் எந்தப் பணிக்கும் ஈப்போ மாநகர் மன்றத்தின் அனுமதி தேவை; நகருக்கு வெளியே அந்தந்த மாவட்ட ஊராட்சி மன்றத்தை அணுக வேண்டும். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் பதிவு செய்யப்பட்ட கட்டடங்களைக் காக்கிறது; 1950களின் சாதாரண வரிசை வீடோ தோட்டத்து வீடோ அப்பதிவில் இடம்பெறுவது அரிது. ஆகவே காக்க இயலாத வீட்டை அளந்து வைப்பதும் இந்நூல் பரிந்துரைக்கும் பணிகளில் ஒன்றாகிறது.

அதற்கு இருவரும் ஒரு நாடாவும் கட்டமிட்ட தாளும் ஒரு காலைப்பொழுதும் போதும். ஒருவர் அளக்க ஒருவர் எழுத, முதலில் வீட்டின் வெளிப்புற நீள அகலம், பிறகு அறைகளின் மூலைவிட்டங்கள், பிறகு கதவு ஜன்னல்களின் இடமும் உயரமும், இறுதியாக இறவாரத்தின் நீளமும் கூரையின் சாய்வும் குறிக்கப்பட வேண்டும். வரைபடத்தின் ஓரத்தில் வடதிசை அம்புக்குறியும் தேதியும் தோட்டத்தின் பெயரும் டிவிஷன் எண்ணும் இடம்பெற வேண்டும். அங்கு வாழ்ந்தவர் உடனிருந்தால், அடுப்பு எங்கே இருந்தது, சாமிப்படம் எந்தச் சுவரில் மாட்டப்பட்டது, பால்வாளி எங்கே கவிழ்த்து வைக்கப்பட்டது, மழைநாளில் துணி எந்தக் கொடியில் காய்ந்தது, பிள்ளைகள் எந்த மூலையில் உறங்கினார்கள் என்பவற்றைக் கேட்டு அந்தந்த இடத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்; ஒரே அறையில் எண்மர் வாழ்ந்ததை அளவுநாடா காட்டுவதில்லை.